கார்டு இருக்கிறது, பெயரைத்தான் காணோம்

பினாங்குத் துறைமுகம் நீரிணையின் இரு கரையிலும் இருக்கிறது. உல்லாசக் கப்பல்கள் வந்து நிற்கும் சுவெட்டன்ஹம் துறை தீவில், ஜார்ஜ்டவுன் பக்கம். கொள்கலன்கள் ஏறி இறங்கும் முனையம் எதிர்க்கரையில், பெருநிலத்துப் பட்டர்வொர்த்தில். நடுவில் சுமார் 3 கிலோமீட்டர் தண்ணீர். கணினிகளைப் பார்த்துக்கொள்பவருக்கு இதனால் ஒரு சங்கடம் உண்டு. சர்வர் ஒரு கரையில் இருக்கும், ஆள் மறுகரையில் இருப்பார். சர்வர் நெட்வொர்க்கில் தெரிகிற வரைக்கும் யார் எந்தக் கரையில் உட்கார்ந்திருக்கிறார் என்பது நினைவில்கூட இருக்காது. தெரியாமல் போன அன்றைக்கு ஃபெரி ஏற வேண்டும். இல்லையென்றால் 1985இல் திறந்த 13.5 கிலோமீட்டர் பாலத்தில் வண்டியை விட வேண்டும்.

பட்டர்வொர்த்தில் ஒரு ஃபார்வர்டிங் ஏஜெண்டு அலுவலகம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூலையில் ஒரே ஒரு சர்வர். அதற்குள் நான்கைந்து மெய்நிகர் கணினிகள்: இறக்குமதிக்கான கே1, ஏற்றுமதிக்கான கே2 சுங்கப் படிவங்களைத் தயார் செய்ய ஒன்று, கணக்குக்கு ஒன்று, கோப்புகளுக்கு ஒன்று, எல்லாவற்றுக்கும் வாசலில் ஃபயர்வால் ஒன்று. பிற்பகல் இடிமழையில் கரண்ட் போய் வருகிறது. யுபிஎஸ் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்திருக்கின்றன. கணக்குக் கணினி வந்துவிட்டது. படிவக் கணினி மட்டும் கறுப்புத் திரையில் வினாடிகளை எண்ணிக்கொண்டிருக்கிறது. அமைப்புக் கோப்பில் எழுதியிருக்கும் நெட்வொர்க் கார்டு அதற்குக் கிடைக்கவில்லையாம்.

கணினி அப்படிச் சொல்வதை அப்படியே நம்பிவிடக் கூடாது. மெய்நிகர் கணினியின் கார்டு, திருகாணி தளர்ந்து கழன்று விழும் பொருள் அல்ல. பெரும்பாலும் கார்டு இருக்கும், வேறு பெயரில். அல்லது கீழே இருக்கும் ஹோஸ்ட் அதைக் கொடுத்திருக்காது. அல்லது எல்லாம் சரியாக இருந்தும் எதிர்முனை எழுந்திருக்க நேரம் பிடித்திருக்கும். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. ஒன்றுக்கு உரியதை இன்னொன்றுக்குக் கொடுத்தால் அரைநாள் போய்விடும். போதாததற்கு, கார்டு கிடைக்காதபோது ஒவ்வோர் இயங்குதளமும் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்கிறது: ஒன்று காத்திருக்கும், ஒன்று கண்டுகொள்ளாமல் மேலே போகும், ஒன்று எழவே மறுக்கும்.

பெயர் மாறிய கார்டு

லினக்ஸ் நெடுங்காலம் கார்டுகளைக் கண்டெடுத்த வரிசையில் ஈத்0, ஈத்1 என்று எண்ணிட்டு வந்தது. இரண்டு கார்டு உள்ள பெட்டியில் இன்று ஈத்0 ஆக இருப்பது அடுத்த பூட்டில் ஈத்1 ஆகலாம். ஃபயர்வாலில் அப்படி நேர்ந்தால் வெளிவாசல் உள்வாசலாகிவிடும். இதைத் தடுக்க யூடெவ் என்ற பகுதி, ஒருமுறை பார்த்த கார்டின் மேக் முகவரியையும் அதற்கு இட்ட பெயரையும் 70 என்ற எண்ணில் தொடங்கும் ஒரு விதிக் கோப்பில் குறித்து வைத்துக்கொண்டது.

நிஜப் பெட்டிக்கு அது நல்ல ஏற்பாடு. மெய்நிகர் கணினிக்கு வினையாக முடிந்தது. ஒரு கணினியைக் குளோன் செய்தால் ஹைப்பர்வைசர் புதிய மேக் முகவரி தருகிறது. உள்ளே இருக்கும் லினக்ஸிடமோ பழைய விதிக் கோப்பு அப்படியே இருக்கிறது. அதன் கணக்கில் ஈத்0 ஏற்கனவே இன்னொருவருக்குப் பட்டா போட்ட பெயர். ஆகவே புதிய கார்டு ஈத்1. அமைப்புக் கோப்பு ஈத்0ஐத் தேடும், கிடைக்காது. சென்ட்ஓஎஸ் 6 ஓட்டியவர்களுக்கு 'ஈத்0 கருவி இருப்பதாகத் தெரியவில்லை, தொடக்கம் தள்ளிப்போகிறது' என்ற பொருளில் வரும் அந்த வரி மனப்பாடம். விதிக் கோப்பை அழித்து, கார்டின் அமைப்பில் எழுதியிருக்கும் மேக் வரியையும் எடுத்துவிட்டு மறுபடி பூட் செய்தால் தீர்ந்தது. சென்ட்ஓஎஸ் 6க்கான ஆதரவு 2020 நவம்பரில் முடிந்துவிட்டது என்றாலும், பழைய மென்பொருளுக்காகவே அதை வைத்துக்கொண்டிருப்பவர்கள் டெம்பிளேட் எடுப்பதற்கு முன்பே இந்த இரண்டையும் செய்துவிடுவது நல்லது.

2013 ஜனவரியில் வந்த சிஸ்டம்டி 197ஆம் பதிப்பு வேறு வழியைப் பிடித்தது. கண்டெடுத்த வரிசையை விட்டுவிட்டு, கார்டு செருகியிருக்கும் இடத்தைக் கொண்டு பெயர் வைத்தது. விர்ச்சுவல்பாக்ஸில் இஎன்பி0எஸ்3 என்று தெரிந்தால் பிசிஐ பஸ் 0, ஸ்லாட் 3. பிராக்ஸ்மாக்ஸில் முதல் கார்டு இஎன்எஸ்18 ஆவது அது 18ஆம் ஸ்லாட்டில் உட்காருவதால். விஎம்வேரில் பார்க்கும் இஎன்எஸ்160, இஎன்எஸ்192 போன்ற பெரிய எண்கள், கணினியின் அமைப்புக் கோப்பில் விஎம்வேர் எழுதிவைக்கும் ஸ்லாட் எண்கள். குளோன் செய்தாலும் ஸ்லாட் மாறாது, ஆகவே பெயரும் மாறாது. பழைய நோய் தீர்ந்தது.

புதிய நோய் ஹைப்பர்வைசரையே மாற்றும்போது வருகிறது. 2023 நவம்பரில் பிராட்காம் விஎம்வேரை வாங்கியது. உரிம முறை மாறியது. சிறு அலுவலகங்கள் பலவும் வேறு இடம் பார்க்கத் தொடங்கின. வியன்னாவில் உருவாகும் பிராக்ஸ்மாக்ஸ், விஎம்வேர் கணினிகளை நேரே இழுத்துக்கொள்ளும் வசதியை 2024இல் சேர்த்தது. வட்டு வந்துவிடும், தரவு வந்துவிடும். ஆனால் நேற்றுவரை இஎன்எஸ்192 ஆக இருந்த கார்டு இன்று இஎன்எஸ்18. நிலையான ஐபி முகவரி எழுதியிருக்கும் கோப்பு, இல்லாத கார்டுக்காக எழுதிய கோப்பாகிவிடுகிறது.

அதைவிட மோசம், கணினி எழுந்துவிடுவது. நெட்வொர்க்மேனேஜர் உள்ள தளங்களில், பெயர் தெரியாத புதிய கார்டைப் பார்த்ததும் அது தானாகவே ஓர் இணைப்பை உருவாக்கி டிஎச்சிபியிடம் முகவரி கேட்டு வாங்கிவிடும். கணினி இயங்குகிறது, இணையமும் வருகிறது, முகவரி மட்டும் வேறு. படிவக் கணினியைப் பழைய முகவரியில் தேடும் மேசைக் கணினிகள் எதற்கும் அது அகப்படாது. நெட்வொர்க் சரியாகத்தான் இருக்கிறது என்று நிர்வாகியும் சொல்லிக்கொண்டிருப்பார்.

உபுண்டுவில் 17.10 பதிப்பிலிருந்து நெட்பிளான் இருக்கிறது. அதில் கார்டைப் பெயரால் குறிக்காமல் மேக் முகவரியால் அடையாளம் காட்டி, வேண்டிய பெயரையும் வைத்துவிடலாம். ஆனால் மேக் முகவரியை நம்பினால் குளோன் செய்யும்போது பழைய தொல்லை திரும்பி வரும் என்பதை மறக்கக் கூடாது. ஒரே ஒரு கார்டு உள்ள கணினிக்கு இவ்வளவு கறாரும் தேவையில்லை: 'இஎன்' என்று தொடங்கும் எந்தக் கார்டானாலும் சரி என்று எழுதினால் போதும், எந்த ஹைப்பர்வைசருக்குப் போனாலும் எழுந்துகொள்ளும். இரண்டு கார்டு என்றால் மட்டும் மேக். அந்த முகவரியையும் ஹைப்பர்வைசர் பக்கம் நிலையாக எழுதி வைத்துவிட வேண்டும்.

மேக் முகவரியின் முதல் பாதியே பல சமயம் துப்புக் கொடுத்துவிடும். 00:50:56 என்றால் விஎம்வேர், 08:00:27 என்றால் விர்ச்சுவல்பாக்ஸ், 52:54:00 என்றால் கேவிஎம். அமைப்புக் கோப்பில் 00:50:56 என்று இருந்து, திரையில் தெரியும் கார்டில் வேறு ஏதாவது இருந்தால், இடம் மாறிய வழியில் முகவரி மாறிவிட்டது என்று அங்கேயே முடிவு கட்டலாம்.

இங்கே ஒரு வேடிக்கை. விர்ச்சுவல்பாக்ஸ் கணினிக்குள் கருவிகளைப் பட்டியலிட்டால் இன்டெல் 82540 கார்டு இருப்பதாகச் சொல்லும். அமெரிக்காவுக்கு வெளியே இன்டெல் தன் முதல் ஆலையை 1972இல் திறந்தது இதே பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில். ஆனால் திரையில் தெரியும் அந்த இன்டெல் கார்டு எந்த ஆலையையும் பார்த்ததில்லை. மென்பொருள் போட்டுக்கொள்ளும் வேஷம் அது. ஃப்ரீபிஎஸ்டி போன்ற தளங்களில் கார்டின் பெயரே டிரைவரின் பெயர் என்பதால், வேஷத்தை மாற்றினால் பெயரும் கூடவே போய்விடும். இன்டெல் வேஷத்தில் இஎம்0. வேகத்துக்காக விர்ட்ஐஓவுக்கு மாற்றினால் விடிநெட்0.

ஃப்ரீபிஎஸ்டியின் மேல் கட்டிய பிஎஃப்சென்ஸ் ஃபயர்வால் இந்த மாற்றத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிடும். அமைப்பில் குறித்த கார்டுகள் இல்லை, எது வெளி எது உள் என்று சொல் என்று கன்சோலில் கேட்டுவிட்டு, விடை வரும்வரை நகராது. எரிச்சலாக இருக்கும், ஆனாலும் அது செய்வதுதான் சரி. எது வெளிவாசல் என்று ஊகிக்கும் ஃபயர்வாலை யாரும் வைத்துக்கொள்ள முடியாது. கார்டு வகையை மாற்றுகிறவர் அந்த வேலையை ஃபெரி ஓடும் நேரத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

விண்டோஸ் இதற்கு நேர் எதிர். கார்டு இல்லாவிட்டாலும் பேசாமல் எழுந்துகொள்ளும். கார்டு வகை மாறியிருந்தால் புதியதை வேறு கார்டாகவே எடுத்துக்கொள்ளும். பழைய நிலையான முகவரியை இதற்கு எழுதப்போனால், அந்த முகவரி இப்போது கணினியில் இல்லாத வேறொரு கார்டுக்கு ஏற்கனவே கொடுக்கப்பட்டுள்ளது என்று எச்சரிக்கும். டிவைஸ் மேனேஜரில் மறைந்த சாதனங்களைக் காட்டச் சொன்னால் பழைய கார்டு மங்கலாகத் தெரியும். அதை நீக்கிவிட்டால் சரி. பிராக்ஸ்மாக்ஸுக்கு வரும் விண்டோஸ் கணினிக்கு விர்ட்ஐஓ டிரைவரை இடம் மாற்றும் முன்பே ஏற்றிவிட வேண்டும், இல்லையென்றால் கார்டே தெரியாது.

கீழ்த்தளம் கைவிட்டால்

இதுவரை சொன்னதெல்லாம் கணினிக்குள்ளே. இன்னொரு வகையில், ஹோஸ்டின் பக்கம் பிரிட்ஜோ மெய்நிகர் சுவிட்சோ எழுந்திருக்கவில்லை. கணினியைத் தொடங்கும் அந்தக் கணத்தில் என்ன செய்வது என்பதில் மென்பொருள்களுக்குள் ஒற்றுமை இல்லை.

சோலாரிஸ் இயங்குதளம் 2005இல் 'ஜோன்' என்ற பிரிவுகளைக் கொண்டுவந்தது. ஒரே கர்னலைப் பல பிரிவுகள் பகிர்ந்துகொள்ளும். ஹோஸ்டின் ஐபி அடுக்கைப் பகிரும் ஜோனுக்குச் சொந்தக் கார்டு கிடையாது. ஹோஸ்டின் கார்டின் மேல் அதற்கென ஒரு முகவரியை ஏற்றி வைப்பார்கள். அந்தக் கார்டு இல்லையென்றால் முகவரியை ஏற்ற இடமில்லை. ஆகவே சரிபார்க்கும் கட்டத்திலேயே 'அப்படியொரு கருவி இல்லை' என்று சொல்லி ஜோன் எழ மறுத்துவிடும். உள்ளே நெட்வொர்க்கே தேவைப்படாத வேலை ஓடினாலும் இதே கதிதான். வன்பொருள் மாறி ஹோஸ்டில் கார்டின் பெயர் மாறினால், ஒவ்வொரு ஜோனின் அமைப்பிலும் புதுப் பெயரை எழுத வேண்டியிருந்தது.

கேவிஎம் கணினிகளை நிர்வகிக்கும் லிப்வர்ட் இதே கறாரைக் கடைப்பிடிக்கிறது. பிஆர்0 என்ற பிரிட்ஜ் இல்லையென்றால் கணினி தொடங்காது. புதியவர்களை அதிகம் அலைக்கழிப்பது 'டிஃபால்ட்' என்ற நெட்வொர்க் இயங்கவில்லை என்ற செய்தி; அதைத் தொடங்கிவிட்டு, ஒவ்வொரு பூட்டிலும் தானாகத் தொடங்கும்படி குறித்துவிட்டால் மறுபடி வராது. விர்ச்சுவல்பாக்ஸ், பிரிட்ஜ் செய்த கார்டு காணவில்லை என்று சொல்லி, அமைப்பை மாற்றுகிறாயா நிறுத்திவிடட்டுமா என்று கேட்கும். மடிக்கணினியை டாக்கிலிருந்து எடுத்துப் போய் வேறு இடத்தில் திறப்பவர்கள் அடிக்கடி பார்ப்பது இது. விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் இன்னும் இளகிய மனசு: கார்டைத் துண்டித்த நிலையிலேயே தொடங்குகிறேன் என்று ஒரு வரி சொல்லிவிட்டுக் கணினியை எழுப்பிவிடும். உள்ளே பார்த்தால் கார்டு இருக்கும், கேபிள் மட்டும் இல்லாதது போலத் தெரியும்.

ஆள் பக்கத்தில் இல்லாத சர்வருக்கு இந்த இளகிய மனசைவிட லிப்வர்டின் மறுப்பே மேல் என்பது இந்த நூலின் கருத்து. எழாத கணினியைக் கண்காணிப்பு மென்பொருள் உடனே காட்டிக்கொடுக்கும். எழுந்தும் ஊமையாக நிற்கும் கணினியை, வாடிக்கையாளர் கூப்பிடும்போதுதான் தெரிந்துகொள்வோம்.

பிராக்ஸ்மாக்ஸில் இன்னொரு பொறி இருக்கிறது. ஹோஸ்டில் புதிதாக ஒரு வட்டுக் கன்ட்ரோலரையோ கிராஃபிக்ஸ் கார்டையோ செருகினால் பிசிஐ பஸ் எண்கள் நகர்ந்துவிடலாம். இஎன்பி3எஸ்0 ஆக இருந்த நெட்வொர்க் கார்டு இஎன்பி4எஸ்0 ஆகிவிடும். விஎம்பிஆர்0 என்ற பிரிட்ஜ் இன்னும் பழைய பெயரையே எதிர்பார்த்துக்கொண்டிருக்கும். பிரிட்ஜ் மட்டும் எழும், வெளியே போகும் கார்டு இல்லாமல். மெய்நிகர் கணினிகள் எல்லாம் குறையின்றி எழுந்து ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருக்க, ஜார்ஜ்டவுனில் இருப்பவருக்கு ஹோஸ்டே இல்லாதது போலத் தெரியும். பெட்டியைத் திறக்கும் முன்பே, மேக் முகவரியைக் கொண்டு கார்டுக்கு நிலையான பெயரிடும் ஒரு சிறு லிங்க் கோப்பை எழுதி வைத்தால் இந்தப் பயணம் மிச்சம்.

எவ்வளவு நேரம் காத்திருப்பது

படிவக் கணினியின் கறுப்புத் திரைக்கு வருவோம். உபுண்டு 12.04, 14.04 காலத்தில் தானாக எழ வேண்டும் என்று குறித்த கார்டு ஒன்று இல்லாவிட்டால், நெட்வொர்க் அமைப்புக்காகக் காத்திருக்கிறேன் என்று முதலில் வரும். பிறகு இன்னும் 60 வினாடி வரை என்று வரும். கடைசியில் முழு அமைப்பு இல்லாமலே தொடர்கிறேன் என்று சொல்லிவிட்டு நகரும். மொத்தம் இரண்டு நிமிடம் போலப் போகும். 16.04இல் கார்டு இருந்து டிஎச்சிபி பதில் வராவிட்டால் 5 நிமிடம். இன்றைய சிஸ்டம்டியில் நெட்வொர்க்குக்காகக் காத்திருக்கும் சேவைக்கு இயல்பான எல்லை 120 வினாடி. கெடு முடிந்தால் அந்தச் சேவை தோற்றதாகக் குறித்துவிட்டு பூட் தொடரும். திரை உறைந்துவிட்டது என்று நினைத்து ரீசெட்டை அழுத்துகிறவர்தான் வட்டைக் கெடுத்துக்கொள்கிறார்.

எப்போதாவது மட்டும் பயன்படும் இரண்டாவது கார்டுக்காக 120 வினாடி நிற்பது வீண். நெட்பிளானில் அந்தக் கார்டைக் கட்டாயமில்லாதது என்று ஒரு வரியில் குறிக்கலாம். டெபியனின் பழைய அமைப்புக் கோப்பில் 'ஆட்டோ' என்பதை 'ஹாட்பிளக்' வகைக்கு மாற்றினால், கார்டு வந்தால் எழுப்பும், வராவிட்டால் காத்திருக்காது. முதன்மைக் கார்டில் இதைச் செய்யக் கூடாது. செய்தால் பூட் வேகமாக இருக்கும். நெட்வொர்க் வருமுன் தொடங்கிவிட்ட சேவைகள் ஒவ்வொன்றாக விழும்.

இப்படி விழுவதில் முதலிடம் குறிப்பிட்ட ஐபி முகவரியில் காது வைக்கும் சேவைகளுக்கு. என்ஜின்எக்ஸ் வலைச்சேவை தன் முகவரி இன்னும் கார்டில் ஏறவில்லை என்றால், 99 என்ற பிழை எண்ணோடு நின்றுவிடும். எல்லா முகவரியிலும் காது வைக்கச் சொல்லிவிட்டு ஃபயர்வாலில் வடிகட்டலாம். அல்லது இன்னும் இல்லாத முகவரியையும் பிடித்துக்கொள்ள அனுமதிக்கும் கர்னல் அமைப்பை இயக்கலாம். ஐஸ்கஸி வட்டுகளை நெட்வொர்க்கைச் சார்ந்தவை என்று குறிக்காமல் விட்டால் விபரீதம் இன்னும் பெரிது. கணினி அதை உள்ளூர் வட்டு என்று நம்பி 90 வினாடி தேடிவிட்டு அவசர நிலைக்குள் விழுந்து கடவுச்சொல் கேட்டுக்கொண்டு நிற்கும்.

கரண்ட் போய் வந்த அன்றைக்கு நடப்பது பெரும்பாலும் இந்தக் காத்திருப்பு வகைதான். சுவிட்ச் சர்வரைவிடத் தாமதமாக எழலாம். எழுந்த பிறகும், ஸ்பானிங் ட்ரீ ஓடும் சுவிட்ச் ஒவ்வொரு போர்ட்டையும் 15 வினாடி கேட்கும் நிலையிலும் 15 வினாடி கற்கும் நிலையிலும் வைத்திருந்து பிறகே தரவை விடும். அந்த 30 வினாடிக்குள் டிஎச்சிபி கேட்டுச் சலித்துப்போகும் கணினிகள் உண்டு. ஹோஸ்ட் செருகியிருக்கும் போர்ட்டில் போர்ட்ஃபாஸ்ட் வகை அமைப்பை இயக்கினால் இந்தத் தாமதம் போகும்.

நம் உதாரண அலுவலகத்தில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது: முகவரி கொடுக்கும் டிஎச்சிபியே ஃபயர்வால் கணினிக்குள், அதே ஹோஸ்டில் ஓடுகிறது. அது எழுவதற்குள் மற்றவை கேட்டு ஓய்ந்துவிடும். பிராக்ஸ்மாக்ஸிலும் விஎம்வேர் ஈஎஸ்எக்ஸ்ஐயிலும் எந்தக் கணினி முதலில், அடுத்ததற்கு எத்தனை வினாடி இடைவெளி என்று குறிக்க இடம் இருக்கிறது. ஃபயர்வால் முதலில், அது முழுதாக எழ எடுக்கும் நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்து அதற்குச் சற்று மேல் இடைவெளி, பிறகு கோப்புக் கணினி, கடைசியில் படிவமும் கணக்கும். சர்வர் வகைக் கணினிகளுக்கு டிஎச்சிபியை நம்பாமல் நிலையான முகவரியே எழுதிவிட்டால் இந்த முடிச்சே இல்லை.

திரைக்கு முன் உட்கார்ந்ததும்

மெய்நிகர் கணினியின் கன்சோல் அந்தக் கணினியின் நெட்வொர்க்கை நம்பி இருப்பதல்ல. ஹோஸ்ட் வழியாக வருகிறது. ஹோஸ்ட் எட்டும் தூரத்தில் இருந்தால் ஃபெரி தேவையில்லை, உள்ளே எதுவும் எழாவிட்டாலும் திரையைப் பார்க்கலாம். அங்கே 'ஐபி லிங்க்' கட்டளையை இட்டு, தெரியும் பெயரை அமைப்புக் கோப்பில் உள்ள பெயரோடு ஒப்பிட வேண்டும். பெயர் வேறு என்றால் விஷயம் முடிந்தது. எந்தக் கார்டுமே தெரியாவிட்டால் 'எல்எஸ்பிசிஐ': அதில் கார்டு இருந்தால் டிரைவர் ஏறவில்லை, இல்லாவிட்டால் ஹைப்பர்வைசர் கொடுக்கவே இல்லை. பெயர் சரி, கார்டும் இருக்கிறது, ஆனால் கேரியர் இல்லை என்று வந்தால் உள்ளே தேடுவதை விட்டுவிட்டு ஹோஸ்டின் பிரிட்ஜுக்கும் சுவிட்சுக்கும் போக வேண்டும். இந்த வரிசையை மாற்றி, முதலிலேயே அமைப்புக் கோப்பைத் திருத்தத் தொடங்குகிறவர்கள் ஒரு கோளாறை இரண்டாக்குவார்கள்.

இதை எல்லாம் கோளாறு வரும் நாளுக்கு முன்பே ஒத்திகை பார்த்துவிடலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, படிவக் கணினியின் நகல் ஒன்றை எடுத்து, ஹைப்பர்வைசரில் அதன் கார்டை நீக்கிவிட்டு பூட் செய்து பார்க்க வேண்டும். எத்தனை வினாடி நின்றது, எந்தச் சேவை விழுந்தது, கடைசியில் உள்நுழைவுத் திரை வந்ததா என்று குறித்துக்கொண்டு, அடுத்து கார்டை வைத்துவிட்டு 'இணைக்கப்பட்டது' என்ற டிக்கை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி. இரண்டு சோதனைக்கும் விடை ஒரே மாதிரி வராது. பல கணினிகளில் முதலாவதைவிட இரண்டாவதுதான் அதிக நேரம் நிறுத்தி வைக்கும்.

கடைசியாக ஹோஸ்ட். அதன் பிரிட்ஜே போய்விட்டால் மேலே சொன்ன கன்சோல் எதுவும் எட்டாது. சர்வரின் தாய்ப்பலகையில் தனியாக இருக்கும் ஐபிஎம்ஐ வகை நிர்வாகப் போர்ட் மட்டும் அப்போதும் உயிரோடு இருக்கும். பலர் அதன் கேபிளையும் அதே ஃபயர்வால் கணினிக்குப் பின்னால் செருகிவிடுகிறார்கள். ஃபயர்வால் எழாத நாளில் அதுவும் சேர்ந்து மறைந்துவிடும். அதைத் திறந்த இணையத்தில் வைப்பதும் ஆபத்து. விபிஎன் உள்ள ஒரு சிறிய 4ஜி ரௌட்டரை அந்த ஒரு போர்ட்டுக்கென்றே வைத்து, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஜார்ஜ்டவுன் பக்கமிருந்து அதன் வழியே நுழைந்து பார்க்க வேண்டும், அதில் இருக்கும் சிம் கார்டுக்குப் பணம் கட்டியிருக்கிறதா என்பதையும் சேர்த்து.